வேஷம் போட்ட பேய்

"பேய் மத்தியானம்தான் வருமாம் அண்ணி. ராத்திரி டியூட்டி கிடையாதாம்," என்றான் கொழுந்தன், மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கியபடி. "நமக்கும் வசதி. நேரத்தோட வீட்டுக்குப் போயிடலாம்."

"பேசாம ஏறு தம்பி. பேய் வர்றதுக்கு முன்னாடி உனக்கு மூச்சு நின்னுடப் போகுது."

அண்ணிக்குத் துப்பறிவது தொழில். அவள் கணவரின் தம்பி, வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் கூட இருக்கிறேன் என்று வந்தவன், வேலை தேடுவதையே மறந்துவிட்டான். அவன் போகிற இடமெல்லாம் 'அண்ணி, அண்ணி' என்று அழைக்கப் போய், இப்போது இன்ஸ்பெக்டர் முதல் கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். சம்பளம் கேட்கும் நாளில் மட்டும் முதலாளியாகிவிடுகிறாள் என்பது அவனுடைய குறை.

கீழ்த்தளத்தில் கண்ணாடி அறுக்கும் கடை. வைரமுனை கண்ணாடியில் இழுபடும் கிறீச்சொலி, யாரோ அடித்தொண்டையில் அழுவதுபோலப் படிக்கட்டு முழுக்கத் தொடர்ந்து வந்தது. மேலே 'புலனாய்வுச் செய்தியாளர் பயிற்சி மையம்' என்று ஒரு பலகை. அதன் அடியில் பயிற்சியாளரின் பெயர். அந்தப் பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. தாளையும் மீறி எழுத்துகள் லேசாகத் தெரிந்தன.

வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். அண்ணியை அழைத்தவர் அவர்தான். தாளுக்குக் கீழே மறைந்திருந்த பெயர் அவருடைய மனைவியுடையது. இங்கே எல்லோருக்கும் அந்த அம்மாள் டீச்சர்.

"போலீஸ் கேஸை முடிக்கப் போறாங்க," என்றார் டாக்டர், வணக்கம்கூடச் சொல்லாமல். "புது வகுப்புக்கு இடம் காட்டறேன்னு யாரோ புரோக்கர் கூப்பிட்டிருக்கான். பாதி கட்டின கட்டடம். லிஃப்ட் குழிக்குள்ள தவறி விழுந்து செத்துட்டாங்கறாங்க. அண்ணி, எங்க வீட்டு மாடிப்படியிலயே கைப்பிடியைப் பிடிக்காம இறங்க மாட்டா அவ. தானா போய்க் குழியில கால் வைப்பாளா? அவளைக் கூப்பிட்டது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

"அந்த நம்பர்?"

"அன்னிக்கே செத்துப் போன நம்பராம்."

வகுப்பறைக்குள் நாற்காலிகள் அரைவட்டமாகக் கிடந்தன. முக்கால்வாசி காலி. சின்னச் சின்னப் பத்திரிகைகளில் கல்யாணச் செய்தியும் விபத்துச் செய்தியும் எழுதிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு, மூடி மறைத்த விஷயத்தைத் தோண்டி எடுக்கக் கற்றுத் தருவதற்காகக் கடல் கடந்த ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்து நடத்தும் இடம் அது. நாற்காலி முதுகில், விசிறியின் அடியில், குடிநீர்க் கேன் மேல் என்று எங்கு பார்த்தாலும் அந்த அறக்கட்டளையின் சின்னம் ஒட்டியிருந்தது.

"நல்லவேளை, ஆளுங்க நெத்தியில ஒட்டல," என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

அது காதில் விழுந்தும் விழாதது போலச் சிரித்துக்கொண்டே ஒருவர் எழுந்து வந்தார். அறக்கட்டளையின் நிதி அதிகாரி. இந்த மையத்துக்கு அடுத்த வருடப் பணத்தைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வந்திருந்தவர்.

"மேடம், என் கஷ்டத்தைப் பாருங்க. மாணவர்கள் ஏன் வரலைன்னு ரிப்போர்ட்ல எழுதணும். பேய்க்குப் பயந்துன்னு எப்படி எழுதறது?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க? பேயைப் பார்த்தவங்ககிட்ட கேப்போம்."

"பார்க்கல அண்ணி. கேட்டேன்," என்றது முதல் நாற்காலியில் இருந்த ஒரு குரல்.

இருபதைத் தாண்டிய வயதில் ஒரு பெண். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவள், பேருந்து நிற்பதற்குள் இறங்குகிறவள். அதனால் டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. வகுப்பில் அது முந்திரியாகி நிலைத்துவிட்டது.

"உள்ள ஒரு சின்ன அறை இருக்குல்ல, அதுக்குப் பேரு குரல் அறை," என்றாள் முந்திரி. "புதுசா வர்றவங்களுக்குக் கேள்வி கேக்கத் தெரியாது அண்ணி. எதிராளி அழுதா நாங்களும் அழுதுடுவோம், அதட்டினா ஃபோனை வச்சிடுவோம். அதனால டீச்சர் உள்ள போய் உக்காந்துக்குவாங்க. நாங்க இங்கேயிருந்து ஃபோன் பண்ணணும். ஒருநாள் அதிகாரியா பேசுவாங்க. ஒருநாள் போலீஸ் ஏட்டு. ஒருநாள் வாயைத் திறந்தாலே பொய் சொல்ற மேனேஜர்."

"ஒரே சம்பளத்துல இத்தனை வேஷமா? எங்க அண்ணி கேட்டுக்கறாங்களான்னு பாருங்க," என்றான் கொழுந்தன்.

கீழே கண்ணாடி கிறீச்சிட்டது.

"கடைசியா எடுத்தது கிடங்கு பாடம். டீச்சரே கட்டின கதை. ஒரு கான்ட்ராக்டர் மட்டமான சிமெண்ட்ல தானியக் கிடங்கு கட்டறான். அதைப் பார்த்துட்ட வாட்ச்மேன் ஏணியிலேருந்து விழுந்து செத்துப் போறாரு. குடிச்சிருந்தான்னு சொல்லி ஊரே கதையை முடிச்சிடுது. வாட்ச்மேனோட சம்சாரத்துகிட்ட பேசி உண்மையைக் கொண்டு வரணும். சம்சாரமா பேசினது டீச்சர். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு இருமல். ஒவ்வொரு பேச்சு முடிவிலயும் 'ங்களே'ன்னு ஒரு இழுப்பு. கேட்டா நெஞ்சு பிசையும்."

அவள் உள் அறையின் பக்கம் கையைக் காட்டினாள்.

"டீச்சர் போனப்புறம், பூட்டியிருந்த அந்த அறைக்குள்ள மத்தியானம் ஃபோன் அடிக்க ஆரம்பிச்சது. யாரும் போகல. நான்தான் ஒருநாள் பூட்டைத் திறந்து போய் எடுத்தேன். வாயில வார்த்தை வரல. அந்தப் பக்கம் ஒரு இருமல். அப்புறம், 'அம்மா, தொட்டிப் பக்கம் மறுபடியும் ஆளு வந்து நிக்குதுங்களே'ன்னு... அதே குரல் அண்ணி. டீச்சர்தான். ரிசீவரைப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"நானும் போய் உக்காந்திருந்தேன்," என்றார் பல் டாக்டர் மெல்ல. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "பேய் பிசாசெல்லாம் நம்பறவன் இல்ல நான். ஆனாலும் போனேன். மணி அடிச்சது. எடுத்து ஹலோன்னேன். உடனே வச்சுட்டா. என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கறா."

கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல. பேய்க்கு எதுக்கு வேஷம்? செத்தப்புறமுமா வாட்ச்மேன் பொண்டாட்டியா நடிக்கணும்? சொந்தக் குரல்லயே வரலாமே!"

"தம்பி!" அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "இப்ப என்ன சொன்னே?"

"தப்பா சொல்லியிருந்தா விட்டுடுங்க அண்ணி..."

"விடறதா? இந்த மாசம் நீ செஞ்ச ஒரே வேலை இதுதான்." அவள் முந்திரியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டீச்சர் மேனேஜரா பேசறப்போ நீ எதையாவது கேட்டா உடனே பதில் வருமா?"

"உடனே வரும். ஒரு தடவை உங்க கார் என்ன கலருன்னு கேட்டேன். சாம்பல் கலர், பின்கண்ணாடி விரிசல்னு அந்த நிமிஷமே அடிச்சு விட்டாங்க."

"வாட்ச்மேன் சம்சாரமா பேசறப்போ?"

முந்திரி யோசித்தாள். அவள் யோசிப்பதே அபூர்வம் என்பதுபோல மற்ற மாணவர்கள் அவளையே பார்த்தார்கள்.

"அது மட்டும்... 'யோசிச்சுச் சொல்றேனுங்களே'ன்னு இழுப்பாங்க. அன்னிக்கு ராத்திரி சட்டையில என்ன கறை இருந்துச்சுன்னு கேட்டேன். அடுத்த வகுப்புலதான் பதில் வந்துச்சு."

"அப்படித்தான் வரும். நாம கட்டின ஆளுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிஞ்சிருக்கும். ஏன்னா பதிலையும் நாமதானே கட்டறோம்? இருங்க, யோசிச்சுச் சொல்றேன்னு காக்க வைக்கிறது நிஜ மனுஷிதான்." அண்ணி பல் டாக்டரைப் பார்த்தாள். "உங்க மனைவி போய்க் கேட்டுட்டு வந்திருக்காங்க. அந்தப் பொம்பளை இருக்கா. இருமிக்கிட்டு, 'ங்களே'ன்னு இழுத்துக்கிட்டு, உயிரோட இருக்கா. டீச்சர் அவளை மாதிரிப் பேசினாங்களே தவிர, இப்பப் பேசறது டீச்சர் இல்ல."

நிதி அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே மணி அடித்தது.

பழைய தொலைபேசியின் மணி. கிர்ர்ர் என்று நீண்டு, நின்று, மறுபடி நீண்டது. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"டாக்டர்," அண்ணி வேகமாகக் கேட்டாள், "உங்க மனைவி ஃபோனை எடுத்தா முதல்ல என்ன சொல்லுவாங்க?"

"'சொல்லுங்க, கேக்கறேன்'னு சொல்லுவா."

"ஹலோன்னு சொல்ல மாட்டாங்களா?"

"ஒருநாளும் சொல்ல மாட்டா." சொல்லி முடித்ததும்தான் அவருக்குப் புரிந்தது. தன்னோடு ஏன் அந்தக் குரல் பேசவில்லை என்று.

குரல் அறை ஆள் உயர அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாற்காலியின் கையில் டீச்சரின் சால்வை மடித்தபடி இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, மேஜையின் விளிம்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி. அண்ணி அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே எடுத்தாள்.

"சொல்லுங்க, கேக்கறேன்."

ஒரு இருமல்.

வாசலில் நின்ற கொழுந்தனின் கை தானாக நிலைக்கதவைப் பிடித்தது.

"அம்மா... இத்தனை நாளா எங்கம்மா போயிட்டீங்க? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேனுங்களே."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் இரண்டு வார்த்தை டீச்சராகவே பேசினால் இடத்தைக் கேட்டு வாங்கிவிடலாம். இறந்துபோன ஒருத்தியின் வார்த்தையை ஒரு தடவை கடன் வாங்கியதே அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் அவங்க இல்லீங்க. அவங்களுக்கு வேண்டியவ. மனசைத் திடமா வச்சுக்குங்க... அவங்க இறந்துட்டாங்க."

மறுமுனையில் மறுபடி ஒரு இருமல்.

"எப்படிங்க?"

"கீழே விழுந்து."

"என் வீட்டுக்காரரும் விழுந்துதானுங்களே போனாரு," என்றது குரல். அதில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல் அது. "அப்போ அடுத்தது நானுங்களா?"

"இல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, இப்பவே வர்றோம்."

"யாரு கேட்டாலும் எடத்தைச் சொல்லாதேன்னு அம்மாதானுங்களே சொன்னாங்க."

இணைப்பு அறுந்தது.

அண்ணி ரிசீவரை வைத்துவிட்டு வகுப்பறைக்கு வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"தம்பி, நம்பரைக் கண்டுபிடிக்க முடியுமா?"

"இந்தப் பழைய கருவி காட்டாது அண்ணி. கம்பெனியில எழுதிக் குடுத்து வாங்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்."

"அதுக்குள்ள அந்தம்மாவுக்குப் பொழுது விடியாம போயிடலாம். அங்கே ஆளு வந்து நிக்குதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க." அண்ணி முந்திரியின் எதிரில் போய் நின்றாள். "அதுலதான் எனக்கு ஒரு சந்தேகம். பாடம் கிடங்கைப் பத்தினது. ஆனா ஃபோன்ல வந்தது என்ன வார்த்தை? தொட்டி. டீச்சர் அந்தம்மாவைக் காப்பாத்தறதுக்காக ஊரை மாத்தி, இடத்தை மாத்திப் பாடம் எடுத்திருக்காங்க, சரி. நீ அந்தக் குரலைக் கேட்டுப் பயந்தே, அதுவும் சரி. ஆனா கிடங்கு கதையில தொட்டி எங்கேயிருந்து வந்துச்சுன்னு நீ கேக்கவே இல்லையேம்மா. எல்லாத்தையும் கேக்கற பொண்ணு, அதை ஏன் கேக்கல?"

முந்திரியின் முகத்தில் முதலில் வந்தது ஒரு சின்னப் பெருமை. பரீட்சையில் மறைத்து வைத்திருந்த விடையைக் காட்டும் குழந்தையின் பெருமை.

"ஏன்னா அது தொட்டிதான்னு நான் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி."

"எப்படி?"

"வாட்ச்மேன் சம்சாரமா பேசறப்போ டீச்சர் ஒரு தடவை சொன்னாங்க. சுவத்துக்கு நீலம் அடிக்கறப்போ பாதியில காசு பத்தலன்னு நிறுத்திட்டாங்களாம். நீலம் நின்னுபோன அந்த எடத்துலேருந்துதான் அவரு விழுந்தாருன்னு. ஊருக்குப் போறப்போ பஸ் ஜன்னல்லேருந்து பார்த்தேன், ஒரு தண்ணித் தொட்டி. கீழே பாதி நீலம், மேலே வெறும் சிமெண்ட். பக்கத்துல வாட்ச்மேன் குடிசை. இறங்கிப் போய்ச் சுத்திப் பார்த்தேன். ஏணியெல்லாம் அப்படியே இருந்துச்சு. ஓ, டீச்சர் ஒரு நிஜ எடத்தை வச்சுக் கதை கட்டியிருக்காங்க, கண்டுபிடிக்கிறவங்களுக்குத்தான் முழு மார்க்குன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. கடைசி நாள் எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு..."

"சொல்லு. அப்புறம் என்ன செஞ்சே?"

"அப்புறம் டீச்சரோட முதல் விதிதான். யார் மேல குத்தம் சொல்றோமோ அவங்க பக்கத்தையும் கேக்காம ஒரு வரி எழுதக் கூடாது. தொட்டியில கான்ட்ராக்டர் பேரும் நம்பரும் பெரிசா பெயிண்ட்ல இருந்துச்சு. கூப்பிட்டேன்."

பல் டாக்டர் மெதுவாக எழுந்து நின்றார்.

"யாரு எடுத்தது?" என்றாள் அண்ணி.

"டீச்சர் ஏற்பாடு பண்ணின ஆளு."

"டீச்சர் அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா எல்லாமே பாடம்தானே... மத்த வேஷமெல்லாம் அவங்களே போட்டாங்க, ஆம்பளைக் குரலுக்கு மட்டும் யாரையோ ஏற்பாடு பண்ணியிருக்காங்கன்னு... ரொம்ப நல்லா நடிச்சாரு அண்ணி..."

அந்த வாக்கியத்தின் கடைசி வார்த்தை வாயிலிருந்து வெளியே வரும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நிறம் வடிந்து போவது என்பார்களே, அதை அண்ணி அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"பதிவு பண்ணியிருக்கியாம்மா?"

பண்ணியிருந்தாள். எல்லா உரையாடலையும் பதிவு செய்வதும் டீச்சரின் விதிதான். கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முதலில் அவளுடைய துடுக்கான குரல்.

'வணக்கம் சார், புலனாய்வுப் பயிற்சி மையத்துலேருந்து பேசறேன். வாட்ச்மேன் சாவைப் பத்தி உங்க தரப்பைக் கேக்கணும்.'

பிறகு ஒரு ஆணின் குரல். மென்மையாக, அவசரமே இல்லாமல்.

'எந்த வாட்ச்மேன்?'

'ஏணியிலேருந்து விழுந்தவரு சார். நீலம் நின்ன எடத்துலேருந்து.'

'யாரு சொன்னது? அவன் சம்சாரமா?'

'யார் சொன்னாங்கன்னு சொல்ல மாட்டோம் சார்.'

'சரி. உனக்குச் சொல்லிக் குடுக்கறது யாரு?'

'அதுவும் சொல்ல மாட்டோம்.'

'சொல்ல வேணாம்மா. வாசல்ல போர்டு இருக்கும்ல? சந்தோஷம்.'

கொஞ்சம் இடைவெளி. முந்திரியின் சிரிப்பு.

'சார், ஒரு நிமிஷம் நான் நிஜமாவே பயந்துட்டேன். பிரமாதமா நடிச்சீங்க. ரொம்ப நன்றி சார்.'

பதிவு முடிந்தது. முந்திரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்ப்பது பாவம் என்பதுபோல எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை போடும்மா," என்றார் பல் டாக்டர். அவர் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. நோயாளியை வாயைத் திறக்கச் சொல்கிற குரல். "'சந்தோஷம்'னு சொல்றான் பாருங்க, அந்த எடத்துல."

அண்ணியே மறுபடி ஓடவிட்டாள்.

"முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கு இவனுக்கு. 'ச' வர்றப்போ காத்து பக்கவாட்டுல கசியுது. 'சம்சாரம்', 'சரி', 'சந்தோஷம்'... மூணுலயும் கேளுங்க. அன்னிக்குக் காலையில புரோக்கர்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்கு ஃபோன் பண்ணினவனும் இவன்தான். அப்பவே நினைச்சேன், இவன் பல்லைக் கட்டிக்காம ஏன் இருக்கான்னு."

"உங்க காதை நீதிபதி ஒத்துக்க மாட்டாரு டாக்டர்," என்றாள் அண்ணி. "ஆனா இந்தப் பதிவு ஒத்துக்க வைக்கும். கேஸை மூடாம அவனை விசாரிக்க இன்ஸ்பெக்டருக்கு ஒரு காரணம் வேணும், இதுதான் அது."

"ஒரு நிமிஷம்." நிதி அதிகாரி கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருகிக்கொண்டே முன்னால் வந்தார். "தப்பா நினைக்காதீங்க. அந்தாளு மாட்டணும், எனக்கும் ஆசைதான். ஆனா பயிற்சி மையத்துலேருந்து போன ஒரு ஃபோன்தான் டீச்சரோட சாவுக்குக் காரணம்னு வெளியே தெரிஞ்சா, இந்த ஒரு மையம் மட்டும் மூடாது. எத்தனையோ ஊர்ல நடத்தறோம். இனிமே இதுக்கெல்லாம் பணம் தர மாட்டேன்னு சொல்றதுக்கு மேலிடத்துல ஒரு காரணம் தேடிக்கிட்டே இருக்காங்க. இந்தப் பதிவு இல்லாம, அந்தம்மாவோட வாக்குமூலத்தை மட்டும் வச்சுக்கிட்டுப் போக முடியாதா? இந்தப் பொண்ணு பேரும் வெளிய வராது. சின்னப் பொண்ணு, வாழ்க்கை இருக்கு."

அவர் கெட்டவரில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் கஷ்டம்.

அண்ணி முந்திரியைப் பார்த்தாள். கைபேசி முந்திரியுடையது. பெயரும் அவளுடையது.

முந்திரி வாயிலிருந்து கையை எடுத்தாள். அவசரப்படவில்லை. அவள் வாழ்க்கையிலேயே ஒரு பதிலுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அந்தம்மா வாக்குமூலம் மட்டும் போனா, குடிகாரன் பொண்டாட்டி பொய் சொல்றான்னு சொல்லுவான் சார். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லி ஜெயிச்சிருக்கான்." குரல் உடைந்தது. அவள் அதை ஒட்டவைத்துக்கொண்டாள். "ஆதாரத்தை வச்சுக்கிட்டே அதை மறைச்சு எழுதினா டீச்சர் தாளைக் கிழிச்சுக் குப்பையில போடுவாங்க. நீங்க பணம் குடுத்தது அதைக் கத்துக்கத்தானே சார்?"

"மையம் போயிடும்மா."

"போகட்டும் சார். நான்தானே கூப்பிட்டேன்? நான்தான் கூப்பிட்டேன்னு நானே எழுதறேன்."

அதிகாரி அறக்கட்டளை கொடுத்த நாற்காலிகளில் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தம்பி, வண்டியை எடு," என்றாள் அண்ணி. "வழியில இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போடு. நேரா தொட்டிக்கு ஆள் அனுப்பச் சொல்லு."

"வர மாட்டேன்னு சொன்னா?"

"அண்ணி கூப்பிட்டாங்கன்னு சொல்லு."

படி இறங்கும்போது கீழே கண்ணாடிக்கடைக்காரர் ஒரு பெரிய தகட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அதில் ஒரு கணம் எல்லோருடைய உருவமும் தெரிந்தது. முந்திரி தன் உருவத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, காரின் பின்கதவைத் திறந்து ஜன்னலோரமாக ஏறி உட்கார்ந்தாள். அண்ணி முன்னால் ஏறினாள். கொழுந்தன் சாவியைப் போட்டான். வழக்கமாக அந்த நேரத்தில் அவனிடம் ஒரு ஜோக் இருக்கும்.

"அண்ணி," என்றாள் முந்திரி பின்னாலிருந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "நன்றின்னு வேற சொல்லியிருக்கேன் அவன்கிட்ட."

அண்ணி திரும்பினாள். அதற்குள் மறுபக்கத்துப் பின்கதவு திறந்தது.

பல் டாக்டர்.

அவர் ஏறி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள், தன் உடம்பில் ஒரு ஓரம்கூட அவர்மேல் பட்டுவிடக் கூடாது என்று.

"சார், நீங்க என் பக்கத்துல உக்கார வேணாம் சார்."

டாக்டர் தன் பக்கத்துக் கதவைச் சாத்தினார்.

"அன்னிக்குக் காலையில ஃபோன் வந்தப்போ அவ குளிச்சுக்கிட்டிருந்தா," என்றார். "அப்புறம் பேசுங்கன்னு சொல்லி வச்சிருக்கலாம். புது வகுப்புக்கு இடம்னானே, சந்தோஷப்படுவாளேன்னு, ஒரு நிமிஷம் இருங்கன்னு அவனை லைன்லயே நிக்க வச்சு, கதவைத் தட்டி, ஈரக் கையில ஃபோனைக் குடுத்தது நான்."

முந்திரி அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அவர் அவளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. நடுவில் கிடந்த தன் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு, அவள் சௌகரியமாக உட்கார இடம் விட்டார்.

"நல்லா உக்காரும்மா. அந்தம்மா தனியா இருப்பாங்க. வழி உனக்குத்தான் தெரியும்."

கார் தெருமுனைக்கு வந்தது. கொழுந்தன் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வலது பக்கம் திரும்புங்கண்ணா," என்றாள்.